மஞ்சள் முனை குற்றவாளியா?

பழைய வீடியோ நாடாக்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றும் வேலை இப்போது பல வீடுகளில் நடந்து வருகிறது. 1980-களிலும் 1990-களிலும் எடுத்த கல்யாண நாடா, காதுகுத்து நாடா, இன்று நம்மிடையே இல்லாத தாத்தா பாட்டியின் முகமும் குரலும் பதிந்த நாடா என்று அலமாரிகளில் கிடப்பவை ஏராளம். நாடாவின் காந்தப் பூச்சு நாளாக ஆக நலிகிறது. அதை ஓட்டிக் காட்டும் கருவியோ இனிப் புதிதாகக் கிடைக்கப் போவதில்லை. வீடியோ கேசட் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே இந்த மாற்றம் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் நடக்கும். அன்று கோப்பில் எது விழுகிறதோ அதுதான் பேரப் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.

இந்த வேலையைத் தொடங்குகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தக் கேபிளை வாங்குவது?" என்பதே. அதற்குக் கிடைக்கும் பதில் அநேகமாக ஓர் ஏணி வடிவில் இருக்கும். அடிப்படியில் ஆன்டெனா கேபிள். அதற்கு மேல் மஞ்சள் முனை கொண்ட கம்போசிட் கேபிள். அதற்கும் மேல் எஸ்-வீடியோ. உச்சியில் சிவப்பு, பச்சை, நீல முனைகள் கொண்ட கம்போனன்ட் கேபிள். ஒவ்வொரு படியிலும் தங்க முலாம் பூசியதை வாங்கினால் இன்னும் நல்லது என்றும் சொல்வார்கள்.

வாசகர்களே, இந்த அறிவுரை முழுப் பொய்யன்று. ஆனால் பாதி மெய்யாக இருப்பதுதான் இதன் ஆபத்து. இதை நம்பி வேண்டாத இடத்தில் பணத்தைக் கொட்டுகிறோம்; வேண்டிய இடத்தில் சிக்கனம் பிடிக்கிறோம். இதில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று இயற்பியலின் துணைகொண்டு பார்ப்போம்.

ஒரே கம்பியில் இரண்டு சரக்கு

முதலில் மஞ்சள் முனையின் கதை. கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்குத் தேவையானது ஒரே செய்திதான். திரையில் இந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதே அது. இதை ஒளிர்வு என்போம். வண்ணம் வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. வண்ணத்துக்கு மூன்று செய்திகள் வேண்டும்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஆனால் வீடுகளில் இருந்ததெல்லாம் கருப்பு வெள்ளைப் பெட்டிகள். ஒளிபரப்புக்கு ஒதுக்கிய அலைவரிசையின் அகலமும் மாறவில்லை.

1953 டிசம்பரில் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட என்.டி.எஸ்.சி. முறை இதற்குக் கண்ட வழி மிகவும் கெட்டிக்காரத்தனமானது. மூன்று நிறங்களையும் குறிப்பிட்ட விகிதத்தில் கூட்டி முதலில் ஒளிர்வைச் செய்தார்கள். அந்த விகிதம் நூற்றுக்கு 30 பங்கு சிவப்பு, 59 பங்கு பச்சை, 11 பங்கு நீலம். நம் கண் பச்சையை மிகவும் பளிச்சென்று உணர்வதால் அதற்கு அதிகப் பங்கு. பழைய பெட்டி இந்த ஒளிர்வை மட்டும் எடுத்துக்கொண்டு படம் காட்டும். மிச்சமுள்ள நிறச் செய்தியை ஒரு துணை ஊர்தி அலையின் மேல் ஏற்றி, அந்த ஒளிர்வின் உள்ளேயே செருகிவிட்டார்கள்.

ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் வால்டர் புரூக் 1963-இல் காட்டிய பி.ஏ.எல். முறை இதன் திருத்திய வடிவமாகும். இந்தியா ஏற்றுக்கொண்டது இதைத்தான். 1982-இல் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது, கருப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. அதே நிகழ்ச்சியை அவர்களும் கருப்பு வெள்ளையில் கண்டார்கள். மஞ்சள் முனையைக் குறை கூறுமுன் இந்த நன்மையை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. நம் நாட்டு முறையில் ஒளிர்வு 0 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. நிறம் ஏறிவரும் துணை ஊர்தி அலையின் அதிர்வெண் 4.43361875 மெகாஹெர்ட்ஸ். அதாவது நிறம் குடியிருப்பது ஒளிர்வின் வீட்டுக்குள்ளேயேதான். ஒரு கம்பியில் இரண்டு சரக்கு. இரண்டுக்கும் ஓரளவு ஒரே இடம்.

மாவான பின் பிரிக்க முடியுமா?

அரிசியும் உளுந்தும் கலந்துவிட்டால், பொறுமை இருந்தால், பொறுக்கிப் பிரித்துவிடலாம். இரண்டையும் அரைத்து மாவாக்கிய பின் பிரிப்பது எப்படி? கலப்பு வீடியோவின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பெரும்பகுதியைப் பிரித்துவிடலாம்; முழுவதையும் பிரிக்க முடியாது.

ஏன் பெரும்பகுதி பிரிகிறது? நம் தொலைக்காட்சியில் விநாடிக்கு 15,625 வரிகள் வரையப்படுகின்றன. அடுத்தடுத்த வரிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், ஒளிர்வின் ஆற்றல் 15,625 ஹெர்ட்ஸின் முழு மடங்குகளைச் சுற்றிக் குவிகிறது. நடுவில் இடைவெளிகள் விழுகின்றன. நிறத்தின் ஆற்றல் அந்த இடைவெளிகளில் போய் விழும்படி துணை ஊர்தி அலையின் அதிர்வெண்ணைத் தேர்ந்தார்கள். 15,625-ஐ 283.75 ஆல் பெருக்கி 25-ஐக் கூட்டிப் பாருங்கள், 4,433,618.75 வரும். மேலே கண்ட எண் அதுதான். சீப்பின் பற்களுக்கு இடையே இன்னொரு சீப்பின் பற்களைச் செருகியது போன்ற அமைப்பு இது. இதைப் பிரிக்கும் மின்சுற்றுக்குச் சீப்பு வடிகட்டி என்றே பெயர்.

ஏன் முழுவதும் பிரிவதில்லை? படத்தில் அசைவும் சாய்வான கோடுகளும் இருந்தால் பற்கள் ஒழுங்காக நிற்பதில்லை. ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அப்போது பெட்டி ஏமாந்து போகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு வரியில் படம் தெரியும் நேரம் 52 மைக்ரோ விநாடி. 4.43 மெகாஹெர்ட்ஸ் அலை அந்த நேரத்தில் சுமார் 230 முறை அதிரும். எனவே திரையின் அகலத்துக்குள் சுமார் 230 ஜோடி கருப்பு வெள்ளைக் கோடுகள் வரும் அளவுக்கு நெருக்கமான கோடு போட்ட சட்டையை ஒருவர் அணிந்து வந்தால், அது நிறச் செய்திதான் என்று பெட்டி எண்ணிவிடும். சட்டையின் மேல் வானவில் நெளியும். செய்தி வாசிப்போர் நெருங்கிய கோடு போட்ட உடைகளைத் தவிர்த்தது இதனால்தான். இதற்கு எதிர்த்திசையிலும் பிழை நேரும். இரண்டு அழுத்தமான நிறங்கள் சந்திக்கும் விளிம்பில், நிறத்தை ஒளிர்வென்று எண்ணி, எறும்பு ஊர்வது போலப் புள்ளிகளை ஓடவிடும்.

இந்தப் பிழை கேபிளின் செம்பில் நேர்வதன்று. கருவிக்குள் கலக்கும்போதும், பெட்டிக்குள் பிரிக்கும்போதும் நேர்வது. மஞ்சள் முனையை வெள்ளியால் செய்தாலும் இது மாறாது.

படிகளா, பாதைகளா?

இப்போது மற்றக் கேபிள்களைப் பார்ப்போம். அவற்றை ஏணிப் படிகளாக எண்ணாமல் பாதைகளாக எண்ணினால் விஷயம் தெளிவாகும்.

ஆன்டெனா துளை வழியாகச் செல்லும்போது ஒளிர்வு, நிறம், ஒலி ஆகிய மூன்றும் கலந்து, ஓர் உயர் அதிர்வெண் அலையின் மேல் ஏறிப் பயணம் செய்கின்றன. கம்போசிட் கேபிளில் ஒலி தனியே பிரிந்துவிடுகிறது. சிவப்பும் வெள்ளையும் அதற்கான முனைகள். ஒளிர்வும் நிறமும் மட்டும் மஞ்சளில் சேர்ந்து வருகின்றன.

எஸ்-வீடியோவில் ஒளிர்வுக்கு ஒரு பாதை, நிறத்துக்கு ஒரு பாதை. கலப்பதே இல்லை, ஆகவே பிரிக்கும் தொல்லையும் இல்லை. 1987-இல் ஜே.வி.சி. நிறுவனத்தின் எஸ்-வி.எச்.எஸ். கருவிகளோடு இந்த நான்கு ஊசி முனை பரவலாயிற்று. இதைப் போல ஒளிர்வையும் நிறத்தையும் பிரித்துத் தரும் வசதி அதற்கு முன்பே, 1982-இல் வந்த கொமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளில் இருந்தது.

கம்போனன்ட் கேபிளில் பாதைகள் மூன்று. இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பச்சை முனையில் பச்சை நிறம் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியன்று. பச்சை முனையில் வருவது முழு ஒளிர்வு. நீல முனையில் வருவது நீலத்திலிருந்து ஒளிர்வைக் கழித்த மிச்சம். சிவப்பு முனையில் சிவப்பிலிருந்து ஒளிர்வைக் கழித்த மிச்சம். இதை நீங்களே சோதிக்கலாம். கம்போனன்ட் வெளியீடு உள்ள பழைய டி.வி.டி. கருவி இருந்தால், அதைச் சாதாரண வரிப்பின்னல் முறையில் வைத்து, பச்சை முனையை மட்டும் தொலைக்காட்சியின் மஞ்சள் துளையில் செருகுங்கள். பச்சைப் படம் வராது. அழகான கருப்பு வெள்ளைப் படம் வரும்.

மூன்று நிறங்களையும் நேராகவே அனுப்பும் முறையும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த வி.ஜி.ஏ. கேபிள் அந்த வகை. ஐரோப்பாவின் 21 ஊசி ஸ்கார்ட் முனையும் அதற்கு இடம் தருகிறது. கம்போனன்ட் உயர்ந்ததா, மூவண்ண முறை உயர்ந்ததா என்று வாதிடுவோர் உண்டு. கூட்டிக் கழித்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற்றுவிடலாம் என்பதால் இந்த வாதத்தில் பொருள் மிகக் குறைவு.

ஸ்கார்ட் இன்னொரு பாடமும் கற்பிக்கிறது. பிரான்சில் 1980 முதல் ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியிலும் இந்த முனை கட்டாயமாக இருந்தது. ஆனால் அதே முனையில் மூவண்ணமும் வரலாம், வெறும் கலப்பு வீடியோவும் வரலாம். முனையின் வடிவத்தைப் பார்த்து உள்ளே வரும் செய்தியை அறிய முடியாது.

முனை மாற்றிகளை வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். மஞ்சள் முனையை எஸ்-வீடியோ முனையாக மாற்றும் சிறு துண்டு கடைகளில் கிடைக்கிறது. உள்ளே வடிகட்டி எதுவும் இல்லாத அந்தத் துண்டு, கலந்ததைக் கலந்தபடியே ஒளிர்வின் பாதையில் அனுப்பும். நிறத்தின் பாதை காலியாக இருக்கும். பெரும்பாலும் கிடைப்பது புள்ளிகள் ஊரும் கருப்பு வெள்ளைப் படம். சாக்குப் பையை மாற்றினால் உள்ளே இருக்கும் மாவு அரிசியாகிவிடாது!

மூலத்தைக் கேளுங்கள்

ஏணி அறிவுரையின் பெரிய குறை இனித்தான் வருகிறது. அது கேபிளை மட்டும் பார்க்கிறது. படம் எதில் பதிந்திருக்கிறது என்று கேட்பதே இல்லை.

டி.வி.டி. வட்டில் ஒளிர்வும் இரண்டு நிற வேறுபாடுகளும் தனித்தனியே பதிந்திருக்கின்றன. அதை மஞ்சள் முனை வழியே எடுப்பது, பிரித்து வைத்ததைக் கலந்து, மறுபடியும் பிரிக்கும் வீண் வேலை. இங்கே கம்போனன்ட் கேபிள் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியும் நன்மை தரும். ஏணி சொல்வது இந்த இடத்தில் சரி.

பழைய லேசர் வட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பதிந்திருப்பதே கலப்பு வீடியோ. அதன் கருவியில் எஸ்-வீடியோ முனை இருந்தாலும், பிரிக்கும் வேலை கருவிக்குள் நடக்கிறது. மஞ்சள் முனையானால் பெட்டிக்குள் நடக்கிறது. இரண்டில் எதன் சீப்பு வடிகட்டி நல்லதோ அதுவே வெல்லும். நல்ல பெட்டி இருந்தால் மஞ்சள் முனையே மேல். ஏணி இங்கே தலைகீழாகிறது.

நம் வீடுகளில் மிகுதியாக உள்ள வி.எச்.எஸ். நாடா எப்படி? அதில் ஒளிர்வும் நிறமும் கலக்காமல் தனித்தனி அதிர்வெண் இடங்களில் பதிகின்றன. நிறத்தைச் சுமார் 627 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழிறக்கிப் பதிகிறார்கள். அப்படியானால் எஸ்-வீடியோவால் பெரும் நன்மை கிடைக்குமா? கொஞ்சம் கிடைக்கும், பெரிதாகக் கிடைக்காது. வி.எச்.எஸ். நாடாவின் ஒளிர்வு சுமார் 3 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நிறம் குடியேறும் 4.43 மெகாஹெர்ட்ஸ் வரை அது எட்டுவதே இல்லை. வானவில் நெளிய வைக்கும் நுண்ணிய கோடுகள் அந்த நாடாவில் பதியவே இல்லை. ஆகவே மஞ்சள் முனை செய்யக்கூடிய கெடுதலும் இங்கே குறைவு. மேலும் சாதாரண வி.எச்.எஸ். கருவிகள் பலவற்றில் எஸ்-வீடியோ முனையே கிடையாது. மஞ்சள்தான் வழி என்றால் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

எஸ்-வி.எச்.எஸ்., ஹை-8 நாடாக்களின் ஒளிர்வு சுமார் 5 மெகாஹெர்ட்ஸ் வரை செல்கிறது. நிறம் இருக்கும் இடத்தை அது தொட்டுத் தாண்டுவதால், அங்கே எஸ்-வீடியோ முனையைத்தான் பயன்படுத்த வேண்டும். மினி டி.வி. போன்ற இலக்க முறை நாடாக்களுக்கு இந்தக் கேபிள்களில் எதுவுமே வேண்டாம். அவற்றில் இருப்பது எண்கள். ஃபயர்வயர் முனை வழியாக அந்த எண்களை அப்படியே கணினிக்குள் இறக்கிவிடலாம். அதை விட்டுவிட்டு விலையுயர்ந்த எஸ்-வீடியோ கேபிளில் எடுப்பவர், எண்களை அலையாக்கி, அலையை மீண்டும் எண்களாக்கி, இரண்டு முறை இழக்கிறார்.

வி.எச்.எஸ். பற்றி இன்னும் ஒரு கணக்கு. 3 மெகாஹெர்ட்ஸ் அலை 52 மைக்ரோ விநாடியில் 156 முறை அதிரும். ஓர் அதிர்வுக்கு ஒரு கருப்பும் ஒரு வெள்ளையுமாக 312 கோடுகள். திரையின் உயரம் அகலத்தில் நான்கில் மூன்று பங்கு. உயரத்துக்குச் சமமான அகலத்தில் எண்ணும் வழக்கப்படி இது 234. வி.எச்.எஸ். கருவிகளைப் பற்றிச் சொல்லப்பட்டுவந்த "240 கோடு" என்ற எண் இதன் அருகில்தான் இருக்கிறது. நிறத்தின் பட்டை அகலமோ அரை மெகாஹெர்ட்ஸ் அளவுதான். நிறம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறவே சுமார் ஒரு மைக்ரோ விநாடி எடுக்கும். 52 செ.மீ. அகலத் திரையில் அது 1 செ.மீ. மணப்பெண்ணின் சிவப்புப் பட்டின் நிறம் விளிம்பைத் தாண்டி வழிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அன்றே நாடாவில் பதிந்த குறை. இன்று வாங்கும் எந்தக் கேபிளும் அதைத் திருத்தாது.

தங்கத்தின் தகுதி

இனி உலோகத்துக்கு வருவோம். தங்கம் செம்பைவிட நல்ல மின்கடத்தி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. அறை வெப்பநிலையில் செம்பின் தன்மின்தடை 1.68, தங்கத்தினது 2.44, அலகு, நூறு கோடியில் பத்து ஓம் மீட்டர். செம்பை மிஞ்சுவது வெள்ளி ஒன்றுதான். தங்கத்தின் தகுதி வேறு: அது களிம்பேறாது. அடிக்கடி கழற்றாமல் ஆண்டுக்கணக்கில் செருகியே இருக்கும் முனைக்கு, அதுவும் கடற்கரை ஊரில், மெல்லிய முலாம் பயன்படும். ஒரு மாலைப் பொழுதில் ஒரு நாடாவை மாற்றுவதற்குப் பழைய முனையைத் துடைத்துச் செருகினால் போதும்.

"75 ஓம்" என்று உறையில் அச்சிட்டிருப்பதும் குழப்பம் தருகிறது. கேபிளின் இரு முனைகளுக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வைத்து அளந்தால் ஓர் ஓம்கூட வராது. இதைக் கண்ட மாணவர்கள், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டுவதுண்டு. 75 ஓம் என்பது கம்பியின் மின்தடையன்று. நடுக்கம்பிக்கும் சுற்றியுள்ள வலைக்கும் நடுவே ஓடும் அலையில், மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் அது. கேபிள் ஒரு மீட்டரானாலும் ஒரு கிலோமீட்டரானாலும் அது மாறாது. மறுமுனையிலும் 75 ஓம் இருந்தால் அலை முழுவதும் உள்ளே போய்விடும். இல்லாவிட்டால் ஒரு பகுதி திரும்பி வந்து படத்தின் பக்கத்தில் நிழற்படம் விழச் செய்யும்.

அந்த நிழல் எவ்வளவு தள்ளி விழும்? கேபிளில் அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர். 1.5 மீட்டர் கேபிளில் போய்த் திரும்பும் தூரம் 3 மீட்டர், நேரம் 0.015 மைக்ரோ விநாடி. 52 செ.மீ. திரையில் அது 0.15 மி.மீ. எந்தக் கண்ணுக்கும் அது நிழலாகத் தெரியாது. வலிமை இழப்பும் அப்படியே. சாதாரண 75 ஓம் கேபிள் 5 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிபல் இழக்கும். 1.5 மீட்டருக்கு அது ஆயிரத்தில் மூன்று நான்கு பங்குதான்.

ஆகவே கருவிக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள சிறு தூரத்தில், ஒழுங்காகச் செய்த சாதாரண கேபிளுக்கும் பல மடங்கு விலையுள்ள கேபிளுக்கும் படத்தில் வேறுபாடு காண முடியாது. ஐயமிருந்தால், ஒலிக்கான சிவப்புக் கேபிளை மஞ்சள் துளைகளில் செருகிப் பாருங்கள். முனையின் வண்ணம் நம் வசதிக்காகப் பூசியதுதான், படம் வரும்.

நீளம் கூடினால்

ஆனால் "கேபிள் எதுவானாலும் ஒன்றே" என்ற முடிவுக்கு வாசகர்கள் வந்துவிடக் கூடாது. நீளம் கூடும்போது கணக்கு மாறுகிறது. 50 மீட்டர் கேபிளில் போய்த் திரும்ப 0.5 மைக்ரோ விநாடி ஆகும். நிழல் 5 மி.மீ. தள்ளி நன்றாகத் தெரியும். 100 மீட்டரில் 2 டெசிபல் இழப்பென்றால் நுண்ணிய பகுதிகளின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பள்ளி விழா மேடையிலிருந்து தூரத்துத் திரைக்கும், கண்காணிப்பு கேமராவிலிருந்து அலுவலக அறைக்கும் கேபிள் இழுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இங்கே விற்பனையில் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒன்றரை மீட்டருக்குத் தங்க முலாமை வலியுறுத்தும் அதே கடையில், நூறு மீட்டருக்கு டிஷ் ஆன்டெனா கேபிளை எடுத்துத் தருகிறார்கள். "அதுவும் 75 ஓம்தான்" என்பது காரணம். அந்தக் கேபிள்களில் பல, நடுவில் இரும்புக் கம்பியும் அதன் மேல் செம்புப் பூச்சும் கொண்டவை. டிஷ் ஆன்டெனாவுக்கு அது போதும். மிக உயர்ந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேற்புறத்திலேயே ஓடும்; 500 மெகாஹெர்ட்ஸில் செம்பில் அது இறங்கும் ஆழம் ஆயிரத்தில் மூன்று மில்லிமீட்டர். உள்ளே இரும்பிருந்தால் என்ன, செம்பிருந்தால் என்ன? ஆனால் வீடியோ செய்தி விநாடிக்குச் சில பத்து அதிர்வுகளிலிருந்தே தொடங்குகிறது. அந்தத் தாழ்ந்த பகுதி கம்பியின் முழுத் தடிப்பிலும் ஓடுவது. 1 மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை 100 மீட்டருக்குச் சுமார் 2 ஓம். செம்புப் பூச்சிட்ட இரும்புக்கு அது ஏறக்குறைய ஐந்து மடங்கு. 150 ஓம் சுற்றில் 10 ஓம் சேர்ந்தால் படத்தின் அளவும் ஒத்தியங்குத் துடிப்பின் அளவும் நூற்றுக்கு ஆறு குறையும். எனவே நீண்ட தூரத்துக்குக் கேட்டு வாங்க வேண்டியது, நடுக்கம்பி முழுச் செம்பாகவும் வெளிவலை நெருக்கமாகவும் உள்ள கேபிளைத்தான். நறுக்கிய முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரிகிறதா, செம்மை தெரிகிறதா என்று கண்டுவிடலாம்.

வாங்குமுன் மூன்று கேள்விகள்

மஞ்சள் முனை குற்றவாளியா? கலப்பது என்ற முடிவுக்கு அது பொறுப்பன்று. கலந்ததைச் சுமந்து வருகிறது, அவ்வளவே. ஏணியை மறந்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: என் மூலத்தில் ஒளிர்வும் நிறமும் தனித்தனியே இருக்கின்றனவா, கலந்தே இருக்கின்றனவா? தனித்தனியே இருந்தால், கடைசிவரை தனித்தனியே கொண்டு செல்லும் கேபிளைத் தேடுங்கள். கலந்தே இருந்தால், பிரிக்கும் வேலையை இரண்டு கருவிகளில் நல்லதிடம் ஒப்படையுங்கள்.

இரண்டாவது: கேபிள் எவ்வளவு நீளம்? கைக்கெட்டும் தூரமென்றால் சாதாரண கேபிள் போதும். பத்துப் பத்து மீட்டராக நீண்டால் செம்பைப் பாருங்கள்.

மூன்றாவது: நான் காணும் குறை கேபிளால் வந்ததா? படத்தின் மேற்பகுதி கொடி போல வளைந்தால், நாடாவின் ஓட்டம் வரிக்கு வரி முன்பின்னாகிறது என்று பொருள். அதற்கு வேண்டியது வரி நேரத்தைச் சீர்செய்யும் சுற்று. வெண்பொறிகள் சிதறினால் கருவியின் காந்தத் தலையைத் துடைக்க வேண்டும். டிராக்கிங் குமிழைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கிடையான கருமைப் பட்டை மெல்ல நகர்ந்தால் இரு கருவிகளின் நில இணைப்புகளில் கோளாறு. இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். இவற்றில் ஒன்றையும் தங்க முலாம் தீர்க்காது.

ஆகவே நாடாவை மாற்ற எடுத்து வைத்திருக்கும் பணத்தில் கேபிளுக்குச் சிறு பங்கை ஒதுக்குங்கள். பெரும் பங்கைக் கருவியைப் பழுது பார்த்துத் தலையைச் சுத்தம் செய்பவருக்கும், படத்தைக் கணினிக்குள் வாங்கும் நல்ல கருவிக்கும் கொடுங்கள். முதலில் முக்கியமில்லாத ஒரு நாடாவை ஓட்டிச் சோதியுங்கள். எல்லாம் சரியென்று கண்ட பிறகே தாத்தாவின் குரல் பதிந்த நாடாவைக் கருவிக்குள் செருகுங்கள்.